வெளி ஓரம் தேயும் டயர்: செங்கோட்டை டீச்சருக்குப் பதில்

செங்கோட்டையிலிருந்து ஓர் ஆசிரியை எழுதியிருக்கிறார்:

"அண்ணாச்சி, கேரளாவில் தென்மலைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை பார்க்கிறேன். புளியரை, ஆரியங்காவு வழியாகத் தினமும் போக வர அறுபது கிலோமீட்டர் சொச்சம். வேகன்-ஆர் கார். போன வருஷம்தான் நாலு டயரும் புதுசாகப் போட்டேன். 14,000 கிலோமீட்டர்தான் ஓடியிருக்கிறது, அதற்குள் முன் டயர் இரண்டிலும் வெளி ஓரம் தேய்ந்து போயிற்று. டயர் கடையில் 3,000 கிலோமீட்டருக்கு ஒரு தடவை அலைன்மென்ட், பேலன்சிங் இரண்டும் செய்யணும் என்கிறார்கள். சர்வீஸுக்கு விட்ட இடத்தில் 10,000-க்கு ஒரு தடவை போதும் என்கிறார்கள். புனலூரில் இருக்கும் என் கொழுந்தனார், ஸ்டீயரிங் இழுக்காத வரைக்கும் கையே வைக்காதீங்க என்கிறார். யார் பேச்சைக் கேட்பது? இன்னொன்று. மலையில் ஒன்றும் தெரிவதில்லை, ஆனால் மதுரைக்குப் போகும்போது நான்கு வழிச்சாலையில் 90-ஐத் தொட்டால் ஸ்டீயரிங் உதறுகிறது. அலைன்மென்ட் பார்த்து வந்த பிறகும் கார் லேசாக இடது பக்கமே ஒதுங்குகிறது."

டீச்சர், மூன்று பேரில் உங்களுக்கு அதிகம் நஷ்டம் வைக்கக்கூடியது கொழுந்தனார் சொன்னதுதான். அதை முதலில் சொல்லிவிடுகிறேன். அலைன்மென்ட் என்பது சக்கரங்கள் நிற்கும் கோணத்தைச் சரியாக வைப்பது. அந்தக் கோணம் கெட்டால் வண்டி கண்டிப்பாக ஒரு பக்கம் இழுக்கும் என்று பலரும் நம்புகிறார்கள். முன் சக்கரம் இரண்டும் ஒரே அளவுக்கு உள்பக்கம் திரும்பியிருந்தால் ஒன்றை ஒன்று எதிர்த்து நிற்கும். ஸ்டீயரிங் நேராக இருக்கும், கையை எடுத்தாலும் வண்டி நேராகப் போகும், டயர் மட்டும் தேய்ந்துகொண்டே இருக்கும். இழுக்கிற வரைக்கும் காத்திருந்து ஐயாயிரம் கிலோமீட்டரில் டயரைக் குப்பையில் போட்டவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

அந்தத் திருப்பத்துக்குத்தான் டோ என்று பெயர். மேலேயிருந்து பார்த்தால் சக்கரத்தின் முன்பக்கம் உள்ளே பார்க்கிறதா, வெளியே பார்க்கிறதா என்கிற கணக்கு. நாம் நடக்கும்போது பாதம் உள்ளே மடங்கினால் செருப்பு ஒரு பக்கம் தேயும் இல்லையா, அதேதான். ஒரு சக்கரம் அரை டிகிரி விலகியிருக்கிறது என்று வையுங்கள். நின்று பார்த்தால் கண்ணுக்கே தெரியாது. ஆனால் ஒரு கிலோமீட்டர் ஓடும்போது சுமார் எட்டரை மீட்டர் பக்கவாட்டில் போகப் பார்க்கும், வண்டி விடாது, ரோட்டில் உரசிக்கொண்டே வரும். உங்கள் அறுபது கிலோமீட்டருக்கு அது தினமும் அரை கிலோமீட்டர் தூரம் டயரைப் பக்கவாட்டில் இழுத்து வருவதற்குச் சமம். டயரைத் தின்பதில் முதல் ஆள் டோதான்.

இரண்டாவது கேம்பர். முன்னால் நின்று பார்த்தால் சக்கரம் செங்குத்தாக நிற்கிறதா, தலை உள்ளேயோ வெளியேயோ சாய்ந்திருக்கிறதா என்பது. மூன்றாவது காஸ்டர். சைக்கிளின் முன் ஃபோர்க் சற்று சாய்ந்திருக்குமே, அந்தச் சாய்வு. வளைவில் திருப்பிய ஸ்டீயரிங் தானாக நடுவுக்கு வருவது பெரும்பாலும் அதனால்தான். டயர் தேய்மானத்துக்கும் காஸ்டருக்கும் பெரிய சம்பந்தம் கிடையாது, அதனால் அதை இங்கே விட்டுவிடுகிறேன்.

பேலன்சிங் முற்றிலும் வேறு வேலை. கோணம் எல்லாம் சரியாக இருந்தும், டயரும் ரிம்மும் சேர்ந்த அந்த வட்டத்தில் ஓர் இடம் மட்டும் கொஞ்சம் கனமாக இருக்கலாம். அதற்கு எதிர்ப்பக்கம் சின்ன வெயிட் வைத்துச் சமன் செய்வது பேலன்சிங். இரும்பு ரிம் என்றால் விளிம்பில் அடித்து மாட்டுவார்கள், அலாய் என்றால் உள்ளே ஒட்டுவார்கள். இரண்டு வேலையையும் ஒரே மூச்சில் ஒரே பில்லில் போடுவதால் இரண்டும் ஒன்று என்று ஆகிவிட்டது.

மலையில் தெரியாத உதறல் நான்கு வழிச்சாலையில் ஏன் தெரிகிறது என்று கேட்டீர்களே, நல்ல கேள்வி. உங்கள் சக்கரத்தின் விளிம்பில் முப்பது கிராம் கூடுதலாக இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வேகம் 100 என்றால் சக்கரம் ஒரு விநாடிக்குச் சுமார் பதினைந்து சுற்று சுற்றும். அந்த முப்பது கிராம் அப்போது ஏறத்தாழ ஐந்து கிலோ விசையோடு சக்கரத்தை மேலும் கீழும் உலுக்கும், அதுவும் விநாடிக்குப் பதினைந்து தடவை. வேகத்தைப் பாதியாக்கினால் விசை பாதியாகாது, கால்வாசியாகிவிடும். 50-ல் ஒன்றேகால் கிலோதான். ஆரியங்காவு ஏற்றத்தில் நீங்கள் 40, 50-ஐத் தாண்டுவதே அபூர்வம். அதனால்தான் அங்கே வண்டி வாய் திறப்பதில்லை. ஸ்டீயரிங்கில் உதறல் வந்தால் முன் சக்கரத்தைப் பார்க்க வேண்டும். உட்கார்ந்திருக்கும் சீட்டில் வந்தால் பின் சக்கரம்.

உங்கள் வழித்தடத்தில் இன்னொரு காரணமும் உண்டு, பேலன்சிங் மெஷினில் ஏற்றுவதற்கு முன்பே அதைப் பார்த்துவிடலாம். ஜூன் பிறந்து விட்டால் மலைக்கு அந்தப் பக்கம் ரோட்டோரம் முழுக்கச் செம்மண் சகதி. எதிரே லாரி வரும்போது ஒதுங்கினால் அந்தச் சகதியில்தான் சக்கரம் இறங்கும். ரிம்மின் உள்பக்கம் அப்பிக்கொண்டு, செங்கோட்டை வெயிலில் காய்ந்து, ஓடு மாதிரி ஒட்டிக்கொள்ளும். முப்பது கிராம் என்ன, சமயத்தில் நூறு கிராம் கூட இருக்கும். கார் கழுவுகிறவர் வெளியே தெரியும் ரிம்மைத்தான் தேய்ப்பார். உள்பக்கம் பைப்பை விட்டு அடிக்கச் சொல்லுங்கள். என் பட்டறைக்கு உதறுகிறது என்று வரும் வண்டியில் முதலில் நான் செய்வது அதைத்தான். கழுவி விட்டு ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்த்து, காசு கொடுக்காமல் திரும்பிப் போனவர்கள் உண்டு. சகதி ஒட்டிய சக்கரத்தை அப்படியே மெஷினில் ஏற்றி வெயிட் அடித்தால், அடுத்த வாரம் சகதி உதிர்ந்ததும் மறுபடி உதறும்.

இனி வெளி ஓரத் தேய்மானத்துக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் முக்கியமான விஷயமே இதுதான். அலைன்மென்ட் போய்விட்டது என்று உடனே முடிவு கட்டிவிடாதீர்கள். மலைச்சாலையில் தினமும் ஓடும் காருக்கு வெளி ஓரம் தேய்வது இயல்பாகவே கொஞ்சம் கூடுதலாக இருக்கும். புளியரை எஸ் வளைவில் ஏறும்போது வண்டியின் பாரத்தில் பெரும்பங்கு வெளிப்பக்க முன் டயரின் தோளில், அதாவது அதன் வெளி ஓரத்தில், போய் உட்காரும். அடுத்த வளைவில் மற்றச் சக்கரம். தினமும் இரண்டு வேளை அந்த வளைவுகளை எல்லாம் எடுத்தால் எந்த டயரின் தோளும் கரையத்தான் செய்யும். கோணம் துல்லியமாக இருந்தாலும் கரையும். இப்படிப்பட்ட வண்டியை 3,000-க்கு ஒரு தடவை அலைன்மென்ட் செய்தாலும் தேய்மானம் நிற்காது. கடைக்காரரும் மெஷின் சரியாகத்தான் காட்டுகிறது என்பார், நீங்களும் அவர் ஏமாற்றுகிறார் என்று நினைப்பீர்கள். இரண்டு பேருமே தப்பில்லை.

எது வளைவால் வந்தது, எது கோணத்தால் வந்தது என்று உங்கள் உள்ளங்கை சொல்லும். முதலில் கண்ணால் பாருங்கள், ரொம்பத் தேய்ந்த டயரில் உள்ளே இருக்கும் கம்பி வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் கையைக் கிழித்துவிடும். அப்படி எதுவும் இல்லை என்றால், ஸ்டீயரிங்கை ஒரு பக்கம் முழுக்க ஒடித்து நிறுத்தி, டயர் பட்டன் (ரோட்டில் படும் ரப்பர் கட்டைகள்) மேல் உள்ளங்கையைக் குறுக்கே வைத்து உள்ளேயிருந்து வெளியேயும், வெளியேயிருந்து உள்ளேயும் தடவுங்கள். ஒரு பக்கம் வழுவழு என்று போய், திரும்பி வரும்போது ரம்பப் பல் மாதிரி சுரண்டினால் டோ கெட்டிருக்கிறது, சந்தேகமே வேண்டாம். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வழுவழுப்பாக, தோள் மட்டும் உருண்டையாகக் கரைந்திருந்தால் அது வளைவின் வேலை. ஒரே டயரில் வெளி ஓரம், உள் ஓரம் இரண்டும் தேய்ந்து நடு மட்டும் புதுசாக இருந்தால் காற்று குறைவாக வைத்து ஓட்டியிருக்கிறீர்கள். நடு மட்டும் தேய்ந்தால் காற்று அதிகம். ஒரே ஒரு சக்கரத்தில் மட்டும், உள் ஓரமோ வெளி ஓரமோ ஒரு பக்கமாகச் சாய்ந்து தேய்ந்திருந்தால் கேம்பரைச் சந்தேகப்பட வேண்டும். உள் ஓரம் நின்று பார்த்தால் தெரியாது, குனிந்து பாருங்கள். வெளியே புதுசு மாதிரி இருந்து உள்ளே கம்பி தெரியும் டயரோடு மழையில் மலை இறங்கி வருகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு வயிற்றைக் கலக்கும்.

வளைவால் வரும் தேய்மானத்துக்கு மருந்து டயர் ரொட்டேஷன். 5,000 கிலோமீட்டருக்கு ஒரு தடவை முன் டயர் இரண்டையும் நேராகப் பின்னால் கொண்டுபோய், பின் டயர் இரண்டையும் இடம் வலம் மாற்றி முன்னால் போடச் சொல்லுங்கள். டயரின் பக்கவாட்டில் சுற்றும் திசைக்கு அம்புக்குறி போட்டிருந்தால் மட்டும் அதே பக்கத்திலேயே முன்பின் மாற்ற வேண்டும். நீங்கள் 14,000 ஓட்டியும் ஒரு தடவைகூட மாற்றியதாக எழுதவில்லை. மாற்றியிருந்தால் இந்தத் தேய்மானம் நாலு டயருக்கும் பங்கு போயிருக்கும், உங்கள் கண்ணில் பட்டிருக்கவே செய்யாது.

இப்போது எத்தனை கிலோமீட்டர் என்ற கேள்விக்கு. தார் ரோடு நன்றாக இருக்கும் சமவெளியில் ஓடும் காருக்கு 10,000 கிலோமீட்டர் அல்லது வருஷத்துக்கு ஒரு தடவை அலைன்மென்ட் பார்த்தால் போதும். சர்வீஸில் சொன்னது அந்த மாதிரி வண்டிக்குச் சரி. உங்களுக்கு 5,000. அந்த ரோட்டில் எம்-சாண்டும் ஜல்லியும் ஏற்றிய டிப்பர்கள் ராப்பகலாக மேற்கே போகின்றன. கனத்தில் ரோடு அமுங்கி ஓரம் உடைகிறது, சிந்திய ஜல்லி வளைவில் கிடக்கிறது, மழைத் தண்ணீர் நின்றால் பள்ளம் எது என்றே தெரிவதில்லை. 3,000 என்பது தேவையில்லாத செலவு.

நீங்கள் டீச்சர் என்பதால் கணக்கு வைத்துக்கொள்வது சுலபம். ஓணம் லீவு, கிறிஸ்துமஸ் லீவு, கோடை லீவு. மூன்று தடவையும் ரொட்டேஷன், கூடவே அலைன்மென்ட் சோதனை. உங்கள் ஓட்டத்துக்கு அது ஏறத்தாழ 5,000-க்கு ஒரு தடவை வந்துவிடும். பேலன்சிங் கோடை லீவில் ஒரு தடவை போதும், நடுவில் உதறல் வராத வரைக்கும். ஆனால் எப்போது ரிம்மிலிருந்து டயரைக் கழற்றினாலும் பேலன்சிங் செய்தே ஆக வேண்டும். புது டயர் போட்டாலும், உள்ளே பேட்ச் ஒட்டினாலும் இதேதான். வெளியிலிருந்தே திரி சொருகி ஒட்டும் ட்யூப்லெஸ் பஞ்சருக்குத் தேவையில்லை.

லீவு வரைக்கும் காத்திருக்கக் கூடாத சமயங்களும் உண்டு. பள்ளத்தில் 'டம்' என்று விழுந்து பல் கடித்துக்கொண்டீர்கள் என்றால் அந்த வாரமே பார்த்துவிடுங்கள். ரிம் நெளிந்திருக்கிறதா, டயரின் பக்கவாட்டில் கொப்புளம் மாதிரி புடைத்திருக்கிறதா என்றும் பாருங்கள். புடைத்திருந்தால் அந்த டயர் தீர்ந்தது, ஒட்டுப்போட வழியில்லை. நேர் ரோட்டில் போகும்போது ஸ்டீயரிங் கோணலாக நின்றாலும், சக்கரத்தைப் பிடித்திருக்கும் பாகங்களான டை ராடு எண்ட் (ஸ்டீயரிங் திருப்புவதைச் சக்கரத்துக்குக் கொண்டுபோவது), லோயர் ஆர்ம் (சக்கரத்தை அடியில் பிடித்திருக்கும் கை), பால் ஜாயின்ட் (அந்தக் கையின் நுனி மூட்டு), முன் ஷாக் அப்சார்பர் இவற்றில் எதை மாற்றினாலும் அன்றைக்கே அலைன்மென்ட் வேண்டும். பள்ளத்தைத் தவிர்க்க முடியாமல் போனால் ஒன்று செய்யுங்கள். முன்னாலேயே பிரேக் பிடித்து வேகத்தைக் குறைத்து, பள்ளத்தில் சக்கரம் இறங்கும் நேரத்தில் பிரேக்கை விட்டுவிடுங்கள். பிரேக்கை அழுத்தியபடி இறங்கினால் வண்டியின் மூக்கு அமுங்கி, ஸ்பிரிங் ஏற்கெனவே பாதி மடங்கியிருக்கும், அடி முழுதும் ரிம்முக்கும் லோயர் ஆர்முக்கும் போகும்.

அலைன்மென்ட் கடையில் என்ன நடக்க வேண்டும் என்பது உங்களுக்குத் தெரிந்திருந்தால் யாரும் உங்களிடம் அரைகுறை வேலை செய்ய முடியாது. முதலில் நாலு டயரிலும் காற்று பார்க்க வேண்டும். ஓட்டுநர் கதவைத் திறந்தால் அளவு ஸ்டிக்கரில் இருக்கும். அடுத்து முன்பக்கத்தைத் தூக்கி, சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பார்க்க வேண்டும், பிறகு இடமும் வலமும் பிடித்து ஆட்ட வேண்டும். மேல் கீழ் ஆடினால் வீல் பேரிங்கோ பால் ஜாயின்ட்டோ, இடம் வலம் ஆடினால் டை ராடு எண்ட். ஆட்டம் இருக்கும் வண்டியில் மெஷினை மாட்டி அளவு வைப்பது தண்ணீர் மேல் கோடு போடுவதுதான்.

இதை நான் ஒருவரை அலைய விட்டுக் கற்றுக்கொண்டேன். தொழிலுக்கு வந்த புதிதில், குற்றாலம் சீசனுக்கு ஆள் ஏற்றும் ஒரு டாக்ஸி டிரைவர் ஒரே மாதத்தில் மூன்று தடவை வந்தார். மூன்று தடவையும் ஸ்கிரீனில் பச்சை வரும் வரை டோவைத் திருப்பி அனுப்பினேன். அவர் இடது லோயர் ஆர்மின் ரப்பர் புஷ் கிழிந்து கிடந்ததை நான் பார்க்கவில்லை. நிற்கும்போது அளவு சரி, பிரேக் பிடித்ததும் சக்கரம் இடம் மாறிவிடும். புது டயர் இரண்டு போனது அவருக்கு. அன்றைக்கு அவர் சத்தம் போடவில்லை, பேசாமல் சாவியை வாங்கிக்கொண்டு போனார். இன்று வரை ஆட்டிப் பார்க்காமல் ஒரு வண்டியையும் மெஷினில் ஏற்றியதில்லை.

வேலை முடிந்ததும் செய்வதற்கு முன் இருந்த அளவு, செய்த பின் உள்ள அளவு இரண்டும் உள்ள தாளைக் கேட்டு வாங்குங்கள். உங்கள் வண்டியின் சரியான மாடலைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்களா என்று மேலே ஒரு பார்வை பாருங்கள். எல்லாத் தாளையும் டேஷ்போர்டு பெட்டியில் போட்டு வையுங்கள். மூன்று சோதனையிலும் அளவு நகரவே இல்லை என்றால் அடுத்த வருஷம் இடைவெளியை 7,000, 8,000 என்று தாராளமாக நீட்டலாம். சோதித்துப் பார்ப்பது வேறு, திருப்பி வைப்பது வேறு. சரியாக இருப்பதைத் தொட வேண்டியதில்லை.

ஒரு விஷயத்தில் மட்டும் கறாராக இருங்கள். வேகன்-ஆர் போன்ற சின்னக் கார்களில் சாதாரணமாகத் திருப்பி வைக்க முடிவது முன் சக்கரத்தின் டோ மட்டும்தான். கேம்பரைத் திருகி வைக்க கம்பெனியிலேயே வழி கொடுத்திருக்க மாட்டார்கள். பின் அச்சிலும் அப்படித்தான். ஆகவே தாளில் கேம்பர் சிவப்பு காட்டினால் எதுவோ வளைந்திருக்கிறது அல்லது தேய்ந்திருக்கிறது என்று அர்த்தம். எது என்று கண்டுபிடித்து அதை மாற்றுவதுதான் வைத்தியம். ஜாக்கி வைத்து நெம்பி, ஷாக் அப்சார்பர் இருக்கும் ஸ்ட்ரட்டை வளைத்து அளவுக்குக் கொண்டுவருகிறோம் என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். என் வண்டிக்கு நான் ஒப்ப மாட்டேன், உங்கள் வண்டிக்கும் வேண்டாம். ஒரு தடவை அடிபட்டு வளைந்த இரும்பை இன்னொரு தடவை வளைத்து அந்த மலையில் இறக்குவது சரியில்லை.

மழையைப் பற்றியும் ஒரு வார்த்தை. டயர் பள்ளத்துக்குள் குறுக்கே சின்ன மேடு இருக்கும், பட்டன் அந்த மேட்டின் மட்டத்துக்குத் தேய்ந்தால் 1.6 மில்லிமீட்டர் மிச்சம், சட்டப்படி அதுதான் கடைசி. உங்கள் வழிக்கு அவ்வளவு தூரம் போக வேண்டாம். மூன்று மில்லிமீட்டரிலேயே மாற்றிவிடுங்கள். நனைந்த வளைவில் தண்ணீரை ஒதுக்கித் தள்ளுவது அந்தப் பள்ளம்தான்.

கடைசியாக அந்த இடதுபக்க ஒதுக்கம். மழைத் தண்ணீர் வடிய ரோட்டை நடுவில் மேடாகவும் ஓரத்தில் தாழ்வாகவும் போடுவார்கள். நாம் இடதுபக்கம் ஓட்டுவதால் எந்தக் காரும் கையை விட்டால் லேசாக இடது பக்கம் இறங்கத்தான் பார்க்கும். சமதளமான காலி மைதானத்தில் மெதுவாக ஓட்டிப் பாருங்கள், அங்கே நேராகப் போனால் கவலையில்லை. அங்கேயும் இடது பக்கம் போனால் காற்றைச் சரிபார்த்துவிட்டு, முன் டயர் இரண்டையும் இடம் வலம் மாற்றிப் போடச் சொல்லுங்கள். இழுப்பு வலது பக்கம் மாறினால் குற்றம் டயரில். மாறவில்லை என்றால் இன்னொரு சோதனை இருக்கிறது. மலை இறங்கி வந்த சூட்டோடு இதைச் செய்யக் கூடாது, அப்போது எல்லாச் சக்கரமும் கொதிக்கும். காலையில் வண்டியை எடுத்து, தென்காசி ரோட்டில் பிரேக்கை முடிந்தவரை தொடாமல் ஐந்தாறு கிலோமீட்டர் ஓட்டி, தானாக வேகம் குறைய விட்டு நிறுத்துங்கள். முன் ரிம் இரண்டின் அருகிலும் தொடாமல் கையைக் காட்டுங்கள். இடது பக்கம் மட்டும் அனல் அடித்தால் பிரேக் பிடித்தபடியே சிக்கியிருக்கிறது. அலைன்மென்ட் கடைக்குப் போகாதீர்கள், அன்றைக்கே பிரேக் வேலை தெரிந்தவரிடம் காட்டுங்கள். அதைச் சரிசெய்யும் வரைக்கும் பள்ளிக்கூடத்துக்கு பஸ்ஸில் போய் வாருங்கள்.